உள்ளே எப்போதும் ஆடி ஒன்று

ஆடி 3, சனி

ஒரு ஜோடிக்குப் பொருத்தம் பார்க்க இப்போது பதினோரு நிமிடம் ஆகிறது. முன்பு நாலு நொடி. எண்டரைத் தட்டிவிட்டு முந்தானையைச் சரி செய்வதற்குள் பத்துக்கு எத்தனை என்று திரையில் வந்து நிற்கும். இந்தப் பதினோரு நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேற்று பீன்ஸ் நறுக்கினேன். கல்யாண விஷயமாக வருகிறவர்கள் முன்னால் காய் நறுக்கினால் ஆபீஸ் மாதிரி இருக்காது என்று ஐயா சொல்லிவிட்டார். எழுதினால் ஏதோ ஜாதகம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கும் எங்கள் திருமணத் தகவல் மையத்தில் பதினேழு வருடமாக நான்தான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஐயா என்றால் முதலாளி சென்னியப்பன். ஆடி பிறப்பதற்கு முதல் நாள் பழைய கம்ப்யூட்டருக்குள் பல்லி ஒன்று புகுந்தது. ஒரு சத்தம், கொஞ்சம் புகை. பல்லியும் கம்ப்யூட்டரும் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்தன. ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள் என்பதால் ஐயா பதறவில்லை. ஆவணி ஒன்றாம் தேதி கூட்டம் மாடிப்படியில் நிற்கும், அதற்குள் சரியானால் போதும் என்றார். அமெரிக்காவில் இருக்கும் அவர் மகள் பொங்கலுக்கு அனுப்பிய வெள்ளைக் கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்தி மூலையில் இருந்தது. அதை எடுத்து வைத்து, ரிப்பேர் கடை ஆறுச்சாமியைக் கூப்பிட்டார்.

ஆறுச்சாமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, இதுக்கு முந்தின மாடலா இருந்திருந்தா பழைய விண்டோசை ஏத்தி அரை நாள்ல ஓட்டீருக்கலாமுங்க. இந்த மாடல்ல இருந்து அவங்க சிப்பையே மாத்திப்போட்டாங்க."

"மாத்துனா என்னப்பா?"

"நம்ம சாப்ட்வேர் பேசறது பழைய சிப்போட பாஷைங்க. இதுக்கு அது புரியாது. நடுவால ஒருத்தன் உக்காந்து வரிக்கு வரி மாத்திச் சொல்லோணும். அதுக்குன்னு ஒரு புரோகிராம் இருக்குது. ஓடும், ஆனா மெதுவாத்தான் ஓடும். பேசாம பழைய பெட்டி ஒண்ணு வாங்கிப்போடலாமுங்க."

"என்ற பொண்ணு ஆசையா அனுப்புனதுப்பா. ஓடுதான்னு தினமும் வீடியோவுல வந்து பாக்குது. நடுவால ஒருத்தனையே உக்கார வெய்யி." பிறகு என்னிடம் திரும்பி, "அம்மிணி, அந்தாளுக்கும் சேர்த்துக் காபி சொல்லீரு" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த சிக்கல் சாப்ட்வேர். அதை எழுதியவர் மதிவதனன் என்ற உள்ளூர்க்காரர். புதுப் பெட்டியில் போட்டால் அவரிடமிருந்து புதிதாக ஒரு குறியீட்டு எண் வாங்கிப் போடச் சொல்கிறது. அவர் நியூசிலாந்தில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை. பீரோவைக் குடைந்ததில் ஒரு சிடி கிடைத்தது. "முழு காப்பி, ஆடி 1, 2009, காலை" என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு காப்பி எடுக்க யாரும் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த சிடியில் இருக்கும் குறியீட்டு எண் 2009 முடியும்வரை செல்லும், அதனால் உள்ளே தேதியையும் அன்றைக்கே திருப்பி வைத்தார் ஆறுச்சாமி. ஆக, வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு பழைய விண்டோஸ், அதற்குள் 2009. வெளியே 2025, விசுவாவசு வருடம்; உள்ளே விரோதி வருடம். அதோடு உள்ளே எதைச் சேமித்தாலும் நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்குக் குழம்பிவிடுகிறது. எனவே சாயங்காலம் அணைத்து மறுநாள் திறந்தால் மறுபடியும் ஆடி ஒன்று, வெள்ளிக்கிழமை காலை.

திறந்ததும் அன்றைய நினைவூட்டல்கள் வருகின்றன. ஐயாவின் வீட்டம்மாவுக்கு மல்லிகை இரண்டு முழம். பிரிண்டருக்கு மை. பதிவு எண் 2114-க்கும் 1987-க்கும் பொருத்தம் பார்த்து மாலைக்குள் போன் செய்ய வேண்டும்.

மூன்றாவது ஒன்றும் முக்கியமில்லை. 'பிறகு' என்ற பட்டனை அழுத்தினேன்.

ஆடி 5, திங்கள்

ஒரு தாயார் ஆடியென்றும் பாராமல் வந்துவிட்டார். மகளுக்கு வயது இருபத்தாறு, பல் டாக்டர். பிறந்த தேதியைப் போட்டேன். உள்ளே 2009 அல்லவா, பெண்ணுக்குப் பத்து வயது என்று கணக்குப் போட்டது. திரை சிவப்பாகி, "குழந்தைத் திருமணம் சட்டப்படி குற்றம்" என்று கொட்டை எழுத்தில் வந்து ஊளையிட ஆரம்பித்தது. கீழே ஜெராக்ஸ் கடையிலிருந்து ஆள் ஓடி வந்தார்.

"பிறந்த வருஷத்துல பதினாறைக் கழிச்சுப் போடு அம்மிணி," என்றார் ஐயா.

"கழிச்சா வேற ஆளோட ஜாதகம் ஆயிருமுங்கய்யா."

"கெரகம் சுத்தித்தானே வருது. மறுக்கா அதே எடத்துக்கு வந்திருக்கும்."

பல் டாக்டரின் தாயார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆவணியில் வருகிறேன் என்று எழுந்து போனார். ஊளையை நிறுத்த ஆறுச்சாமி வர வேண்டியிருந்தது.

ஆடி 6, செவ்வாய்

மல்லிகை, மை, 2114. பிறகு, பிறகு, பிறகு.

ஆடி 9, வெள்ளி

ஐயாவுக்குப் பொழுது போகவில்லை. உள்ளே இருக்கும் மாப்பிள்ளைகள் பட்டியலை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கமுத்து, இருபத்தேழு வயசு, பெங்களூரு, ஒரே பையன். இப்பேர்ப்பட்ட வரன் இன்னும் போகாம கெடக்குதே!" என்றார். நான் தடுப்பதற்குள் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

"தங்கமுத்துங்களா? கலியாண ஆபீசுல இருந்து பேசறேனுங்க. உங்களுக்குத் தோதா ஒரு பொண்ணு இருக்குது."

மறுமுனையில் ஒரு பெண் குரல். "அவரு குளிக்கறாருங்க. நான் அவரு சம்சாரம். பொண்ணு என்ன படிச்சிருக்குது?"

ஐயா போனை என் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். பல்லி, சிப், 2009 என்று நான் ஆதியோடந்தமாக விளக்கினேன். சுகுணா என்ற அந்தம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்படீன்னா எங்க பொருத்தம் உங்க மெஷின்ல இருக்குமுங்களா? நானும் உங்ககிட்டத்தான் பதிஞ்சிருந்தேன். எத்தனைன்னு எங்க மாமா மட்டும் பாத்தாரு. எனக்கு இன்னி வரைக்கும் சொல்லலைங்க."

பதினோரு நிமிடமும் லைனிலேயே இருந்தார். குக்கர் விசில் இரண்டு கேட்டது.

"பத்துக்கு மூணுங்க," என்றேன் தயங்கி.

"நெனச்சேன்," என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

ஆடி 12, திங்கள்

ஆடிக்குத் தாய்வீடு வந்த சுகுணா நேரிலேயே வந்துவிட்டார், கூட நான்கு பேரோடு. எல்லாருமே 2009-க்கு முன்னால் எங்களிடம் பதிந்து கல்யாணம் ஆனவர்கள். எல்லாருக்கும் தங்கள் நம்பர் தெரிய வேண்டும். ஒரு ஆளுக்குப் பதினோரு நிமிடம், இடையில் காபி. ஆறுச்சாமி பக்கத்திலேயே இருந்தார், பெட்டி சூடானால் டேபிள் பேனைத் திருப்பி வைப்பதற்கு.

சாயங்காலம் ஐயா மாடிப்படி அடியில் ஒரு போர்டு எழுதி வைத்தார். "ஆடித் தள்ளுபடி! நடந்து முடிந்த கல்யாணங்களுக்கு மறு பொருத்தம் பார்க்கப்படும்."

ஆடி 14, புதன்

பதினேழு வருடத்தில் ஆடியில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஒன்பது பொருத்தம் வந்த ஜோடி, இதைப் பார்க்க ஆட்டோவில் வர வேண்டுமா பஸ்சில் வர வேண்டுமா என்று படியிலேயே சண்டை போட்டபடி இறங்கிப் போனது. ஒன்றே ஒன்று வந்த ஜோடி அதை பிரிண்ட் எடுத்து வாங்கிக்கொண்டது, வீட்டு ஹாலில் மாட்டப் போகிறார்களாம்.

ஐயா இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்து கம்ப்யூட்டர் மேல் வைத்தார். "தெனமும் ஞாபகப்படுத்துதே அம்மிணி, வாங்காம வந்தா என்னமோ மாதிரி இருக்குது," என்றார். வீட்டம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஆபீஸ் மணக்கிறது, அதுவரைக்கும் நல்லது.

பிரிண்டருக்கு மையும் வாங்கிவிட்டார். அந்த பிரிண்டர் 2013-லேயே போய்விட்டது. இப்போதிருக்கும் பிரிண்டரில் அந்த மை பொருந்தவில்லை.

ஆடி 16, வெள்ளி

இன்று நினைவூட்டலை மூடுவதற்குள் ஆறுச்சாமி பின்னால் வந்து நின்றுவிட்டார். அவசரமாக அழுத்தியதில் கை பட்டு மவுஸ் கீழே விழுந்தது.

"அந்த 2114 தெனமும் வருதே, பாத்து முடிச்சுரலாமில்லீங்க?" என்றார். "பதினோரு நிமிசந்தானே."

"அது பழைய பதிவுங்க. கிடக்கட்டும்."

என்னுடைய நோட்டில் நான் யாரிடம் மறைக்கிறேன்? 2114 நான்தான். பூங்கோதை, உள்ளே வயது இருபத்தைந்து. அப்பா கொண்டுவந்து பதிந்துவிட்டுப் போனார். நான் வேலை செய்யும் ஆபீஸ் என்பதால் கட்டணம் வாங்கவில்லை.

1987 யார் என்பதை எழுத மாட்டேன். அவர் இப்போது மேசைக்கு அடியில் தலையை விட்டு ஒயரைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தன் நம்பர் ஞாபகம் இல்லை. ஆண்கள் எதைத்தான் ஞாபகம் வைத்தார்கள்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. லீவு. அமராவதியில் நல்ல தண்ணீர். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்களோடு போய்க் கும்பிட்டு வந்தேன். தம்பி புனேவிலிருந்து போன் செய்தான். வீட்டுக்காரியை இந்த ஆடிக்கு அனுப்ப முடியவில்லை, சமையலுக்கு ஆளில்லை என்று வருத்தப்பட்டான். அவனுடைய இன்ஜினியரிங் படிப்பு இரண்டாம் வருடத்தில் இருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டதில்லை.

எலுமிச்சை சாதம் கூடுதலாகிவிட்டது.

ஆடி 19, திங்கள்

மிச்சமான எலுமிச்சை சாதத்தை ஆறுச்சாமி சாப்பிட்டார். நேற்றைய சாதம் இவ்வளவு நன்றாக இருக்குமா என்றார். காலை ஐந்து மணிக்குப் புதிதாகச் செய்தது என்று சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆடி 23, வெள்ளி

மதிவதனன் கிடைத்துவிட்டார்! ஆறுச்சாமி பதினெட்டு நாளாக விடாமல் முயன்று, நியூசிலாந்தில் ஒரு இட்லிக் கடைக்காரர் மூலமாகப் பிடித்தார். அங்கே சாயங்காலம். ஐயா நலம் விசாரித்தார். அவர் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார்.

"எப்பவும் செல்லற மாதிரி ஒரு நெம்பர் குடுத்தர்றேனுங்க. அதைப் போட்டா இன்னித் தேதியிலயே ஓடும், வருசா வருசம் என்னைக் கேக்க வேண்டாம். ஆனா ஒரு கண்டிசன். உள்ள 1044-னு ஒரு பதிவு இருக்கும். அதை அழிச்சுப்போடோணும்."

"யாருதுங்க அது?" என்றேன்.

"என்றதுதான். சாப்ட்வேர் எழுதி முடிச்சு மொத மொதல்ல எனக்குத்தான் பாத்தேன். பத்துக்குப் பத்து வந்துச்சு. நம்பிக் கட்டிக்கிட்டேனுங்க."

விவாகரத்து ஆகி எட்டு வருடமாம். ஆறுச்சாமி எண்ணைக் குறித்துக்கொண்டார். அதோடு நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவனுக்கும் புது வெர்ஷன் வந்திருக்கிறதாம், இனிமேல் சேமித்தால் குழம்பாது, வேகமும் கூடும் என்றார். ஆடி கடைசி நாள் சனிக்கிழமை, அன்றைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. ஐயா மகளோடு வீடியோவில் பேசி வெற்றி என்று அறிவித்தார்.

எனக்கும் சந்தோஷம்தான். வேறென்ன.

ஆடி 26, திங்கள்

ஆறுச்சாமி ஒத்திகை பார்த்தார். உள்ளே கடிகாரத்தை இன்றைய தேதிக்குத் தள்ளியதும் ஒரு செய்தி வந்தது. "வயது வரம்பு தாண்டிய 2,212 பதிவுகள் காலாவதி. நீக்கட்டுமா?" அதில் 'ஆம்' என்ற பட்டன் மட்டும்தான் இருக்கிறது. பெண்ணுக்கு முப்பத்தைந்து, ஆணுக்கு நாற்பது என்று ஐயா அந்தக் காலத்தில் போடச் சொன்ன விதி. நாற்பது வயதுக்கு மேல் கல்யாணம் செய்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டார். அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கு இருபத்துநான்கு வயது.

ஆக, சனிக்கிழமை 2114-ம் 1987-ம் போய்விடும். அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் எனக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

ஒத்திகைதான், சேமிக்கவில்லை. அணைத்துத் திறந்தார். மல்லிகை, மை, 2114.

ஆடி 28, புதன்

எழுதிவிடுகிறேன். ஐயா கீழே போயிருக்கிறார், ஆறுச்சாமி இன்று வரவில்லை.

நான் பிறந்தது காலை 4.10, பூசம். ஒரு குறையும் இல்லாத நட்சத்திரம். 2009 ஆடி முதல் வெள்ளி, காலையில் சிடியில் காப்பி எடுத்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என்னுடைய பதிவைத் திறந்து, காலை என்பதை மாலை ஆக்கினேன். மாலை 4.10 என்றால் ஆயில்யம். மாமியார் உயிரோடு இருக்கும் வீட்டில் ஆயில்யப் பெண்ணை எடுக்க மாட்டார்கள். கை தவறியது என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். கை தவறவில்லை. அப்பா படுக்கையில், தம்பி காலேஜில், நான் போய்விட்டால் அந்த வீடு என்ன ஆகும்? வரன் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னால் அழுவார். கம்ப்யூட்டர் சொன்னால் யாரும் அழ மாட்டார்கள்.

பிறகு பொருத்தம் பார்த்தேன். இரண்டு வந்தது. 1987-இன் வீட்டுக்கு நானே போன் செய்து, "பொருந்தலைங்க" என்று சொன்னேன். எடுத்தவர் அவருடைய அம்மா. பெண் என்ன நட்சத்திரம் என்றார். ஆயில்யம் என்றேன். நல்லவேளை என்றார்.

இப்போது உள்ளே இருப்பது அந்த மத்தியானத்துக்கு முந்தைய காலை. என் பதிவில் காலை 4.10 என்றே இருக்கிறது. உண்மையில் எத்தனை என்று நான் பார்க்கவே இல்லை. குறைவாக வந்தால் பரவாயில்லை. கூடுதலாக வந்தால் என்ன செய்வேன்?

ஆடி 30, வெள்ளி

பிறகு.

ஆடி 31, சனி

காலையில் ஆறுச்சாமி எல்லா ஒயரும் கையுமாக வந்தார். கடைசி ஆடி ஒன்றைத் திறந்தேன். மல்லிகை வந்தது.

"தம்பி, அந்தத் தேதியை மாத்துனா இதும் போயிருமா?" என்று ஐயா கேட்டார்.

"நினைவூட்டல் எல்லாம் போயிருமுங்க. ஆனா இந்த ஒரு வரியை மட்டும் தெனமும் வர்ற மாதிரி போட்டுத் தர்றேனுங்கய்யா."

ஐயா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மல்லிகை வாங்கப் போனார். வழக்கமாக வாங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே.

மை வந்தது, மூடினேன். 2114 வந்தது. என் கை 'பிறகு' பக்கம் போய் நின்றது. ஆறுச்சாமி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். 'பொருத்தம் பார்' என்பதை அழுத்தினேன்.

பதினோரு நிமிடம். இவ்வளவு நாள் அந்த நேரத்தில் எழுதினேன். இன்று வாயைத் திறந்துவிட்டேன்.

"2114 நானுங்க. 1987 நீங்க."

அவர் ஒயரைக் கீழே வைத்தார். நான் மத்தியானத்தையும் ஆயில்யத்தையும் போனையும் சொல்லி முடித்தபோது திரையில் அறுபது சதவீதம் ஆகியிருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்க அம்மா நல்லவேளைன்னாங்க," என்றேன். "எனக்கு அதுதான் இன்னும் காதுல கேக்குது."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எண்பது சதவீதம். பேன் சுற்றியது.

ஒன்பது என்று வந்தது. பத்துக்கு ஒன்பது.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கீழே பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் வண்டிக்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பதினாறு வருடம். நான் என் கையாலேயே தூக்கிப் போட்டது. அப்படியே நின்று அழுதேன், மறைக்கவில்லை.

"ஏனுங்க," என்றார் அவர் பின்னாலிருந்து. "அந்த ஒம்போதை நம்பாதீங்க."

"ஏன்?"

"1987-ல இருக்கற நேரம் என்றது இல்லீங்க. எனக்குச் செவ்வாய் தோசம். நெசமான நேரத்தைச் சொன்னா எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்னு எங்கம்மா ரெண்டு மணி நேரம் தள்ளிச் சொல்லி எழுதி வெச்சிருக்குது. எனக்கே பதிஞ்சதுக்கப்புறந்தான் தெரியும். தெரிஞ்சதுல இருந்து பொய் நேரத்தை வெச்சு யாரையும் கட்டிக்க மனசு ஒப்பலை. நெசத்தைச் சொன்னா யாரும் வரலை. அப்படியே நாப்பத்துநாலு ஆயிருச்சுங்க."

ஆக, அன்றைக்கு இரண்டு வந்தது என் பொய்க்கும் அவர் பொய்க்கும். இன்று ஒன்பது வந்தது என் உண்மைக்கும் அவர் பொய்க்கும். உண்மைக்கும் உண்மைக்கும் எத்தனை என்று இந்த உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் இதுவரை பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சிரித்ததில் விக்கல் எடுத்தது. அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த நேரம் ஐயா மல்லிகையோடு வந்து, "ஏப்பா, இன்னுமா மாத்தலை?" என்றார். ஆறுச்சாமி என்னைப் பார்த்தார். மாத்துங்க என்றேன். முதலில் 1044-ஐ அழித்தார். பிறகு தேதியைத் தள்ளினார். 2,211 பதிவுகள் காலாவதி, நீக்கட்டுமா என்று கேட்டது. இருந்த ஒரே பட்டனை நான்தான் அழுத்தினேன்.

ஆவணி 1, ஞாயிறு

முகூர்த்த மாசம் பிறந்துவிட்டது. ஞாயிறென்றும் பாராமல் ஆபீஸ் திறந்தோம். பல் டாக்டரின் தாயார் முதல் ஆளாக வந்தார். பொருத்தம் பார்க்க இப்போது முப்பது நொடி. பொண்ணுக்கு இருபத்தாறு வயது என்று கம்ப்யூட்டரே ஒப்புக்கொண்டது. எழுத நேரமே கிடைக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஆறுச்சாமி வந்தார். கையில் பை இல்லை, ஸ்க்ரூ டிரைவர் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை. ரிப்பேர்க்காரர் பக்கம் வராமல் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புதுசா ஒரு பதிவு போடோணுமுங்க."

போட்டேன். "வயது வரம்பு தாண்டியது" என்று சிவப்பாக வந்தது. அவர் நேற்று மாற்றிவைத்த தேதிதான், அவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறது. என்னுடையதையும் போட்டுப் பார்த்தேன். எனக்கும் சிவப்பு. ஐயா எட்டிப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் மெதுவாகத்தான் ஏறும். ஏறியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அந்த விதியை எடுத்துப்போடு தம்பி," என்றார்.

"அதுக்கு மதிவதனனைப் பிடிக்கோணுமுங்கய்யா. பதினெட்டு நாள் ஆகும்."

அதெல்லாம் வேண்டாம் என்று இந்த நோட்டை எடுத்தேன். ஆறுச்சாமி அவருடைய அம்மாவுக்குப் போன் போட்டார். எண்பத்தொரு வயதுக்கு நல்ல கணீர்க் குரல், ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"பொண்ணு என்ன நட்சத்திரம்டா?"

அவர் என் பக்கம் போனை நீட்டினார். "பூசமுங்கம்மா," என்றேன்.

"போ சாமி, ஆயில்யமா இருந்தாத்தான் என்ன. இத்தனை வருசம் ஒருத்தியும் வராமலே எனக்கு மூட்டு ரெண்டும் போச்சு. எப்ப வர்றே?"

ஐயா மல்லிகையில் ஒரு முழத்தைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார். மற்ற ஒரு முழம் வழக்கமான இடத்துக்குப் போயிற்று. பல் டாக்டரின் தாயார் தன் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதிவுப் பாரத்தில் இருக்கும் வரிசைப்படியே நோட்டில் எழுதினேன்.

பெயர்: ஆறுச்சாமி. வயது 44. பிறந்த நேரம்: மதியம் 1.25, செவ்வாய் தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

பெயர்: பூங்கோதை. வயது 41. பிறந்த நேரம்: காலை 4.10.

பொருத்தம் என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.